வாகனக் காப்புறுதி: நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



புதிதாக ஒரு மோட்டார் சைக்கிளோ காரோ வாங்கினால் முதலில் அதைக் கோயில் வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்துவது நம் வழக்கம். மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகே வண்டி சாலைக்குப் போகும். மாக் மண்டினிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தக் காட்சியை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அப்படிப் பூசைக்கு வந்து நிற்கும் வண்டிகளின் உரிமையாளர்களிடம் "இன்சூரன்ஸ் என்ன எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலோர் "எடுத்தாச்சு" என்பார்கள். என்ன எடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாகனக் காப்புறுதி முகவராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மலரில் காப்புறுதியைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் தவறு ஒன்றுதான். அதைச் சொல்லிவிட்டே விளக்கத்துக்குப் போகிறேன்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

1990களின் பிற்பகுதி. தாசேக் குளுகோர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டிக் கொண்டிருந்த ஒருவர், தோட்டத்தில் வேலை குறைந்ததும் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் காவலாளியாகச் சேர்ந்தார். விடியற்காலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவார். அதற்கு ஆண்டுதோறும் என்னிடம்தான் காப்புறுதி எடுப்பார். ஒருமுறை பணத்தைக் கொடுத்துவிட்டு, "தம்பி, எல்லாம் இதுல அடங்கியிருக்குல்ல?" என்று கேட்டார். எனக்கு அன்று வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். "எல்லாம் இருக்குண்ணே, கவலைப்படாதீங்க" என்று சொல்லித் தாளை நீட்டினேன்.

சில மாதங்களில், மழை பெய்த ஒரு காலையில், அவருடைய வண்டி சறுக்கி விழுந்தது. வேறு வாகனம் எதுவும் மோதவில்லை. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்து இறந்து போனார். காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி அந்தக் காப்புறுதித் தாளைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீங்க கொடுத்த தாளு. இதுல என்ன கிடைக்கும்?" என்றார். அதில் அவருக்கு ஒரு காசும் கிடைக்காது. அது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அவர் யாரையாவது மோதியிருந்தால் அடிபட்டவருக்கு உதவியிருக்கும். ஓட்டியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அதில் இடமில்லை. இதை நான் அந்த அக்காவிடம் அன்றுதான் சொன்னேன். முன்பே அவர் கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு உதவி வேறு வழியில் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுதான்: சட்டம் நம்மை எடுக்கச் சொல்லும் காப்புறுதி, அடுத்தவரைக் காப்பதற்காக ஏற்பட்டது. நம் வீட்டைக் காப்பதற்கு நாம் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

சட்டம் கேட்பது எது?

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் சாலையில் ஓட்டக் கூடாது. மீறினால் அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம், ஓட்டுநர் உரிமமும் பறிபோகலாம். இந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவது, நம் வாகனத்தால் மற்றொருவருக்கு மரணமோ உடற்காயமோ ஏற்பட்டால் அதற்கான இழப்பீட்டை மட்டுமே. சாலையில் நடந்து போகும் ஏழைக்கு அடிபட்டால், மோதியவனும் ஏழையாக இருந்தால், யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டாயம் உலகெங்கும் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் எல்லையை நாம் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் விற்கப்படும் காப்புறுதிகள் மூன்று வகை.

முதலாவது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம்மவர் 'தேர்ட் பார்ட்டி' என்பார்கள். நாம் மோதியவரின் உயிர், உடல், அவருடைய வாகனம், வேலி, சுவர் போன்ற சொத்து ஆகியவற்றுக்கு இது பொறுப்பேற்கும். நம் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது, மூன்றாம் தரப்போடு தீயும் திருட்டும் சேர்ந்தது. நம் வண்டி எரிந்து போனாலோ திருடு போனாலோ இழப்பீடு உண்டு. விபத்தில் நசுங்கினால் இல்லை.

மூன்றாவது முழுக் காப்புறுதி. மேலே சொன்ன எல்லாவற்றோடு, விபத்தில் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கும் பணம் கிடைக்கும். தவணையில் வாங்கிய வாகனத்துக்கு வங்கி இதைத்தான் கேட்கும். பழைய சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு இதைத் தர பல நிறுவனங்கள் முன்வருவதில்லை. ஆகவே கிராமத்திலும் தோட்டத்திலும் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை மூன்றாம் தரப்பிலேயே இருக்கின்றன.

தக்காஃபுல் நிறுவனங்களும் இவற்றை வழங்குகின்றன. எல்லாச் சமயத்தினரும் அதை எடுக்கலாம்.

'முழு' என்பதிலும் முழுமை இல்லை

முழுக் காப்புறுதி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் அநேகர். கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்த்தால் ஒழிய, வழக்கமான முழுக் காப்புறுதியிலும் கீழ்க்கண்டவை அடங்கா.

ஒன்று, ஓட்டுபவரின் சொந்த உயிரும் உடலும். இதற்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி என்று வேறாக இருக்கிறது.

இரண்டு, நம் வண்டியில் ஏறியவர்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து வரும் மனைவியோ, காரில் வரும் உறவினரோ, நம் தவற்றால் அடிபட்டு நம்மீது இழப்பீடு கேட்டால் வழக்கமான பாலிசி பொறுப்பேற்காது. பயணிகளுக்கான பொறுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தவறு எதிரே வந்த லாரியுடையதாக இருந்தால், பின்னால் அமர்ந்தவர் அந்த லாரியின் காப்புறுதியிடம் கேட்கலாம்.

மூன்று, வெள்ளம், புயல், நிலச்சரிவு. பினாங்கில் இருப்போருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் கொட்டிய மழையில் தீவும் பெருநிலமும் மூழ்கின. 7 உயிர்கள் போயின. வீட்டு வாசலில் நின்ற கார்கள் கூரை வரை நீரில் கிடந்தன. அன்றுதான் பலருக்குத் தங்கள் பாலிசியில் வெள்ளம் இல்லை என்பது தெரிந்தது. இதைச் சேர்க்கும் கட்டணம் நீண்டகாலம் காப்புத் தொகையில் அரை விழுக்காடாக இருந்தது. 30,000 வெள்ளி காருக்கு 150 வெள்ளி. இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கேட்டால் குறைவாகவும் கிடைக்கலாம்.

நான்கு, முன்கண்ணாடி. அதைச் சேர்த்திருந்தால் கல் பட்டு உடைந்த கண்ணாடிக்குப் பணம் வாங்கலாம். அதனால் நம் கழிவு குறையாது.

ஐந்து, தொழிலுக்கு ஓட்டுவது. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில், வாடகைக்கு ஆள் ஏற்றும்போதோ உணவுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும்போதோ நேரும் விபத்து அடங்காது. இன்று நம் பிள்ளைகள் பலர் மாலை நேரங்களில் இந்த வேலையைச் செய்கிறார்கள். அதற்குரிய சேர்ப்பை எடுத்தார்களா என்று பெற்றோர்கள் கேட்க வேண்டும்.

கட்டணமும் கணக்கும்

1978 முதல் நாடு முழுவதும் ஒரே கட்டண அட்டவணை இருந்தது. 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும் தீ-திருட்டுக் காப்புறுதிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் கட்டணத்தைத் தானே நிர்ணயிக்கிறது. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்பது நல்லது.

விபத்துக் கோரிக்கை எதுவும் செய்யாதவர்களுக்கு என்.சி.டி. என்ற கழிவு உண்டு. காருக்கு முதலாண்டு முடிந்ததும் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாண்டு முடிந்ததும் 55 விழுக்காடு. மோட்டார் சைக்கிளுக்கு 15, 20, 25. அடிப்படைக் கட்டணம் 1,000 வெள்ளியானால், 55 விழுக்காடு கழிவு பெற்றவர் 450 வெள்ளி கட்டினால் போதும். இந்தக் கழிவு வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. வண்டியை விற்றாலும் புதிய வண்டிக்கு அதைக் கொண்டு போகலாம். ஆகவே சிறு கீறலுக்குக் கோரிக்கை செய்வதற்கு முன், கழிவு இழப்பால் வரும் கூடுதல் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறு மற்றவருடையது என்றால், முழுக் காப்புறுதி உள்ள கார்க்காரர் தம் சொந்த நிறுவனத்திடமே கோரிக்கை செய்து, கழிவையும் இழக்காமல் இருக்க வழி உண்டு. இதை முகவரிடம் கேளுங்கள்.

கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று காரின் மதிப்பைக் குறைத்துப் போடுபவர்கள் உண்டு. சந்தை மதிப்பு 30,000 வெள்ளியுள்ள காருக்கு 20,000 என்று போட்டால், 6,000 வெள்ளி சேதத்துக்கு 4,000தான் கிடைக்கும். மீதி 2,000 நம் தலையில் விழும். காப்புத் தொகை சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இந்த விதி வரும். அதேபோல ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காருக்குப் புதிய உதிரிப்பாகம் போட்டால், அதன் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் தர வேண்டும். ஐந்தாண்டுக் காருக்கு 15 விழுக்காடு, பத்தாண்டுக் காருக்கு 40 விழுக்காடு. பாலிசியில் பெயர் குறிக்காதவரோ 21 வயதுக்குக் குறைந்தவரோ காரை ஓட்டிச் சேதம் நேர்ந்தால், முதல் 400 வெள்ளியை நாம் ஏற்க வேண்டி வரும். பிள்ளைகள் ஓட்டும் காராக இருந்தால் அவர்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

பெயரில் வரும் சிக்கல்

நம் குடும்பங்களில் நான் அடிக்கடி கண்ட குறை இதுதான். அப்பா பெயரில் மோட்டார் சைக்கிள். அப்பா இறந்து பல ஆண்டு. மகன் ஓட்டிக்கொண்டிருப்பார். காப்புறுதியும் அப்பா பெயரிலேயே புதுப்பிக்கப்பட்டு வரும். கட்டணம் வாங்கப்படும் வரை யாரும் கேட்பதில்லை. விபத்து நேர்ந்து கோரிக்கை போகும்போதுதான், இல்லாத ஒருவர் பெயரில் ஒப்பந்தம் எப்படி நிற்கும் என்ற கேள்வி எழும். அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ வாரிசு ஆணை பெற்று, சாலைப் போக்குவரத்துத் துறையில் கிராண்டைப் பெயர் மாற்றிவிடுவதே முறை. அலைச்சல்தான், ஆனால் ஒருமுறை அலைந்தால் போதும்.

விற்ற வண்டியும் இப்படித்தான். நண்பரிடம் கைமாற்றாக வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டுவது விற்றவருக்கும் ஆபத்து, வாங்கியவருக்கும் ஆபத்து. பழைய உரிமையாளரின் காப்புறுதி புதியவருக்குத் தானாக வந்து சேராது.

உரிமம் இல்லாத மகனிடம் "கடைக்குத்தானே போகிறான்" என்று சாவியைக் கொடுப்பதும் அப்படியே. அவன் யாரையாவது மோதினால், நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுக்க நேர்ந்தாலும், சில நிலைகளில் அந்தத் தொகையை உரிமையாளரிடமே திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. வீட்டை விற்றாலும் தீராத தொகையாக அது இருக்கலாம்.

காலாவதியும் ஒரு குறை. 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி 2 வெள்ளிதான். ஆனால் காப்புறுதி இல்லாமல் சாலை வரி கிடைக்காது. காப்புறுதிக்குக் கையில் பணம் இல்லாத மாதத்தில் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். 2023 பிப்ரவரி முதல் சாலை வரி ஸ்டிக்கரை வண்டியில் ஒட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை என்பதால், முடியும் தேதி கண்ணில் படுவதில்லை. வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

விபத்து நேர்ந்தால்

முதலில் உயிரைப் பாருங்கள், பிறகு வண்டியை. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். ஓட்டியவர் மருத்துவமனையில் இருந்தால், முடிந்தவுடன் செய்ய ஏற்பாடு செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்குப் பொதுவாக 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் கிடப்பவருக்கு 30 நாள் வரை தரப்படுகிறது. எதிர்வண்டியின் எண், சாட்சிகளின் பெயர், சாலையின் படம் ஆகியவற்றை அன்றே எடுத்து வையுங்கள்.

மருத்துவமனைக் கட்டில் அருகே வந்து "நான் கிளெய்ம் வாங்கித் தருகிறேன், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். படிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். காயத்துக்கான வழக்கைத் தொடர 6 ஆண்டும், இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடர 3 ஆண்டும் சட்டம் அவகாசம் தருகிறது. அவசரப்பட வேண்டியதில்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது.

மோதிய வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம். அத்தகைய பாதிப்புக்கு உள்ளானவர்களுக்காகவே காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மோட்டார் காப்புறுதியாளர் கழகம் 1960களிலிருந்து இருக்கிறது. வழக்கறிஞர் மூலம் அதை அணுகலாம். உங்கள் நிறுவனம் நியாயமின்றி மறுப்பதாக நினைத்தால், முதலில் அதற்கே எழுத்தில் முறையிடுங்கள். தீராவிட்டால், 2025 ஜனவரி முதல் செயல்படும் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பு அமைப்பிடம் செல்லலாம்.

அந்தக் குடும்பத்துக்கு வந்த உதவி

இப்போது தொடங்கிய கதைக்கு வருகிறேன். அந்த அக்கா வந்து போன மறுநாள், கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தொழிற்சங்கத்தில் இருந்தவர். "வேலைக்குப் போற வழியிலதானே விழுந்தாரு? சொக்சோ இருக்கேப்பா!" என்றார். எனக்கு அது அன்றுவரை தெரியாது.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படுகிறது. வழியில் வேறு வேலையாகத் திரும்பியிருக்கக் கூடாது, பயணம் இடையில் முறிந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். நாங்கள் போலீஸ் புகாரின் நகல், தொழிற்சாலையின் வருகைப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம் வரை கையால் வரைந்த வழிப்படம் ஆகியவற்றைக் கொண்டு போனோம். வழியில் எங்காவது காப்பிக் கடையில் நின்றாரா என்று கேட்டார்கள். நிற்கவில்லை. அவர் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பாத்திரம் திறக்காமல் வண்டிக் கூடையிலேயே இருந்தது.

சில மாதங்கள் கழித்துச் சார்ந்தோர் உதவித்தொகை வரத் தொடங்கியது. இறந்தவரின் சராசரிச் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் கணக்கிட்டு, ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் தருகிறார்கள். பிள்ளைகள் படித்து முடித்தார்கள். அந்த அக்கா என்மீது கோபப்படவில்லை. "நம்மள மாதிரி இன்னொரு வீட்டுக்கு நீங்க முதல்லயே சொல்லிடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவரிடமும் "எல்லாம் இருக்கு" என்று நான் சொன்னதில்லை. எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிட்டே பணம் வாங்கினேன்.

சம்பளத்துக்கு வேலை செய்யாமல் சொந்தத் தொழில் செய்வோருக்கும் 2017ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் சொக்சோவில் சேர வழி இருக்கிறது. உணவு கொண்டு போகும் பிள்ளைகளும் இதில் சேரலாம்.

வீட்டில் இன்றே செய்யலாம்

அன்பர்களே, நம் நாட்டுச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் கெப்பாளா பத்தாஸிலிருந்தும் கூலிமிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் மாக் மண்டினுக்கும் பிறைக்கும் அதே சாலைகளில்தான் வருகிறார்கள்.

இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டு வாகனங்களின் தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, என்ன வகை, எப்போது முடிகிறது, பின்னால் அமர்பவருக்கு இருக்கிறதா, வெள்ளத்துக்கு இருக்கிறதா, ஓட்டுபவருக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதி இருக்கிறதா, முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று பாருங்கள். தெரியாததை முகவரிடம் கேளுங்கள். அவர் "எல்லாம் இருக்கு" என்று சொன்னால் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க வரும்போது இந்தத் தாளையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். புறப்பட்ட எல்லோரும் நலமாக வீடு திரும்ப அன்னையை வேண்டுகிறேன். வணக்கம்.